சுழி தப்பாத அலங்காரம்

இலங்கையின் ஊவா மாகாணத்து ஊர்ப்பெயர்கள் சிலவற்றை ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிப் பாருங்கள். பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, நமுனுகுலை, லுணுகலை, பசறை, வெலிமடை, தெமோதரை. எல்லாம் ஐகாரத்தில் முடிகின்றன. அழைப்பிதழ் எழுதிப் பிழைப்பவனுக்கு இது பெரிய விஷயம். கல்யாணப் பத்திரிகை, சடங்குக் கார்டு, கோயில் விஞ்ஞாபனம் என்று எதை எடுத்தாலும் அடியில் ஊர்ப்பெயர் வரும். அந்தப் பெயரின் கடைசி எழுத்துத்தான் வரி முழுவதற்கும் முடிப்பு.

பழைய வடிவத்தில் ளை, லை, ணை, னை நான்கிற்கும் துதிக்கை உண்டு. முன்னால் இரட்டைச் சுழி தனியாக நிற்காது. எழுத்தோடு ஒட்டியே மேலெழுந்து வளையும். தமிழ்நாட்டில் 1978இல் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்று ஆணையிட்டபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. இந்த நான்கும் அவற்றில் அடக்கம். பள்ளிப் பிள்ளைக்கும் தட்டச்சுக்காரருக்கும் அச்சுக்கோப்பவருக்கும் அது நல்ல காரியம். அலங்கார எழுத்துக்காரனுக்கு மட்டும் அதில் ஓர் இழப்பு இருக்கிறது. ‘பதுளை’யைப் புதிய வடிவில் எழுதும்போது ‘து’வின் வலப்பக்கம் மேலே எழும்பும் கோடு, அடுத்து நிற்கும் ஐகாரக் கொம்போடு மோதும். நடுவில் நெரிசல், முடிவில் வெறுமை. பழைய வடிவில் ‘து’ எழும்பி இறங்க இடம் இருக்கிறது, அதற்குப் பிறகு துதிக்கை வளைகிறது. வரி மூச்சு விட்டு முடியும். அதனால் கோயில் விஞ்ஞாபனத்துக்கு இன்றும் பழைய ‘ளை’யையே வரைகிறேன். கண்ணாடி போட்ட பெரியவர்கள் விரலால் அதைத் தடவிப் பார்ப்பதுண்டு.

நான் பிறந்தது பசறைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை, அம்மா கொழுந்து எடுத்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் பதுளை பஜாரையொட்டிய ஒரு பெயர்ப்பலகைக் கடையில் வேலை பழகச் சேர்ந்தேன். கடைப் பலகை, லொறியின் நெற்றியில் சாமி பெயர், தொழிற்சங்கத்தின் துணிப் பதாகை, திருவிழா வளைவு என்று எல்லாவற்றையும் கடை மாஸ்டர் செய்வார். பக்கத்து அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகைத் தலைப்பு எழுதிக் கொடுப்பதும் அவர்தான். எனக்கு அந்தக் கடைசி வேலையில்தான் மனம் ஒட்டியது.

அச்சகத்தில் ஈய எழுத்து இருக்கும்போது கையால் எழுதுவானேன் என்று இப்போதைய பிள்ளைகள் கேட்கிறார்கள். ட்ரெடில் மெஷினில் ஓடிய ஈய எழுத்து நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொன்றும் தன் சதுரத்துக்குள் அடங்கியிருக்க வேண்டும். சதுரத்தைத் தாண்டி நீளும் வளைவு அடுத்த எழுத்தின் தலைமேல் தொங்கும். மெஷின் அழுத்தத்தில் அந்தத் தொங்கல்தான் முதலில் முறியும். ஆங்கிலத்தில் சரிந்த, கொடிபோன்ற எழுத்துகளை ஈயத்தில் வார்த்தவர்களுக்கும் இதே தொல்லை இருந்தது. தமிழில் ‘தி’யின் மேல்விலங்கு, ‘கூ’வின் வால், ‘ழ’வின் அடிவளைவு எல்லாமே வெளியே நீள விரும்புபவை. அவற்றை வெட்டிச் சதுரத்தில் அடைத்ததுதான் நம் அச்செழுத்து. ஆகவே ‘திருமண அழைப்பிதழ்’ என்ற இரண்டு சொற்களை மாஸ்டர் இந்தியன் இங்கில் பெரிதாக எழுதுவார். அது கொழும்புக்குப் போய் துத்தநாகப் பிளாக்காகத் திரும்பும். உள்ளே இருக்கும் சேதி ஈய எழுத்தில், தலைப்பு மட்டும் கையெழுத்தில்.

அவர் எனக்கு முதலில் எழுத்துக் கற்றுத் தரவில்லை. சுழி போடச் சொன்னார். பழைய பத்திரிகைத் தாளில் வெறும் சுழிகள். பிறகு ண, ன, ள. ‘மூன்று சுழி ணகரம், இரண்டு சுழி னகரம்’ என்று பள்ளியில் பாடமாகப் படித்ததை அவர் தூரிகையில் படிக்க வைத்தார். “தம்பி, அலங்காரம் பண்றேன்னு சுழியக் கூட்டிப்புடாத. கூட்டினா பேரு மாறிப்போகும்” என்பார். தமிழ் அலங்கார எழுத்தின் இலக்கணம் முழுவதும் அந்த இரண்டு வாக்கியங்களுக்குள் இருக்கிறது என்று இத்தனை காலம் எழுதிய பிறகும் நினைக்கிறேன்.

அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் கூர்முனைப் பேனாவால் எழுதும் சரிந்த எழுத்து ஒன்று உண்டு. செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்டதால் ‘காப்பர்பிளேட்’ என்று பெயர் பெற்றது. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் பிக்கம் அன்றைய எழுத்தாசிரியர்களின் கையெழுத்துகளை அப்படிச் செதுக்கித் தொகுத்தார். அந்த மரபிலிருந்தே மேத்யூ கார்ட்டர் 1960களில் ‘ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்’ செய்தார். 1998இல் ஹெர்மன் சாஃப் ‘சாஃபினோ’வைக் கொடுத்தார். இவற்றில் ஓர் எழுத்தின் வாலை மூன்று அங்குலம் இழுத்து இரண்டு வளையம் போட்டாலும் அது அதே எழுத்துத்தான். ‘எல்’ என்றும் ‘எல்’லே. வளையத்துக்கு அங்கே ஒலி கிடையாது.

தமிழில் வளையம் ஒலிக்கும். ‘எ’வின் காலைக் கொஞ்சம் சரித்து இழுத்தால் ‘ஏ’. ‘ஒ’வின் அடியைச் சுழித்தால் ‘ஓ’. இந்தக் குறில் நெடில் வேறுபாட்டை எழுத்திலேயே காட்டும் வழக்கத்தை வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தார். கொம்பின் தலையில் மேலும் ஒரு சுழி ஏறினால் ‘கெ’ ‘கே’ ஆவதும் அவர் செய்ததே. ‘செல்வி’யின் கடைசி விலங்கை அழகுக்காகச் சுழித்தால் ‘செல்வீ’. ‘கு’வின் வாலை ஆசையோடு நீட்டினால் ‘கூ’வோ என்று வாசகர் தயங்குவார். காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு அடியில் இருக்கும் ஒரு சின்னச் சாய்வுதான். அதையும் கொடியாக்கினால் ‘பாரதி’ என்ற பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிவரும்.

அப்படியானால் அலங்காரம் எங்கே போகும்? இதைத்தான் மாஸ்டரிடம் கற்றேன். ஒலியைத் தொடாத இடங்கள் தமிழில் இருக்கின்றன; தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். க, ச, த மூன்றின் மேல்கோட்டு இடமுனை சும்மா இருக்கிறது. அங்கிருந்து ஓர் இலையை, ஓர் அலையை இடப்பக்கம் விடலாம், எழுத்து மாறாது. ‘ழ’வின் அடிவளைவு எவ்வளவு நீண்டாலும் ழகரமே. ‘அழைப்பிதழ்’ ஓர் அதிர்ஷ்டமான சொல், அதில் இரண்டு ழகரம். நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. முதல் ழகரத்தை அடக்கி, கடைசி ழகரத்தின் வாலைச் சொல் முழுவதுக்கும் அடிக்கோடாக இழுத்துவிடலாம். ‘ஆ’வின் அடிச்சுழியைப் பெரிதாக்கலாம், அது ஏற்கனவே நெடில், அதற்கு மேல் போக வழியில்லை. ‘ஸ்ரீ’ இடம் கொடுக்கும். தலைப்பில் வரும் பிள்ளையார் சுழி எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம், அதை யாரும் உகரமாகப் படிப்பதில்லை. மெய்யெழுத்தின் புள்ளியைச் சாய்சதுரமாக, பூவிதழாக, வெறும் வட்டமாக வைக்கலாம். தூரிகைக்காரனின் கையொப்பம் அந்தப் புள்ளியில்தான் தெரியும். பதுளையில் எந்தப் பலகை யார் எழுதியது என்று நாங்கள் தூரத்திலிருந்தே சொன்னது புள்ளியைப் பார்த்துத்தான்.

சரிவும் அப்படியே. ஆங்கிலச் சாய்வெழுத்தைப் பார்த்து எல்லா எழுத்தையும் வலப்பக்கம் தள்ளினால் ட, ப, ம, ங நான்கும் சரிந்த பெட்டிகளாகத் தெரியும். ‘ட’வின் அடிமூலையைக் கொஞ்சம் மழுக்கி, படுக்கைக்கோட்டைத் தடிப்பாக்கி, நிமிர்கோட்டை மெலிதாக்கினால் எழுத்து தரையில் ஊன்றி நின்றபடியே நடக்கும். மூலையை அதிகம் மழுக்கினால் ‘ப’ ஆங்கில ‘யூ’ ஆகிவிடும். ஓலையில் எழுத்தாணி ஒரே தடிப்பான கோட்டைத்தான் கீறியது. தடிப்பு மெலிவு பின்னால் வந்தது. அதை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் ஆங்கில வழக்கத்தைப் பின்பற்றக் கூடாது என்பது என் கட்சி. ஆங்கிலத்தில் கீழிறங்கும் கோடு தடிக்கும். என் கையில் படுக்கைக்கோடு தடித்தால்தான் தமிழ் தமிழாக இருக்கிறது. எழுத்தோடு எழுத்தைக் கோப்பதையும் விட்டுவிட்டேன். ‘ட’ தரையில் முடிகிறது, ‘ப’ உச்சியில் முடிகிறது, ‘த’ கீழே இறங்கி முடிகிறது. மூன்றையும் ஒரே நூலில் கோத்தால் எழுத்துக்குத்தான் வலிக்கும்.

இவ்வளவு கவனம் ஒரு கார்டுக்கு வேண்டுமா என்று கேட்பவர்களுக்குத் தோட்டத்துப் பெயர்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளையின் பெயர் பல கைகளில் போய்வந்தது. செக்ரோல் என்ற தோட்டத்துப் பேரேட்டில் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் இன்னொரு விதம், அடையாள அட்டையில் வேறு, சேமலாப நிதிப் பத்திரத்தில் வேறு. தமிழ் தெரியாதவர் காதால் கேட்டு எழுதியது, எழுதியதைப் பார்த்து மற்றவர் ஆங்கிலமாக்கியது, அதைத் திரும்பத் தமிழாக்கியது என்று பெயர் தேய்ந்துவிடும். ஓய்வுபெறும்போது சேமலாபப் பணம் எடுக்கப் போய், பெயர் பொருந்தவில்லை என்று சத்தியக்கடதாசியோடு அலைந்தவர்கள் எங்கள் லயத்திலேயே இருந்தார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது. 2003இல்தான் அந்தக் கணக்கு ஒருவழியாகத் தீர்ந்தது. இடையில் இருந்த தலைமுறைகளுக்கு, தங்கள் பெயர் தாங்கள் சொன்னபடியே அச்சில் வந்த தாள் கல்யாணப் பத்திரிகை மட்டும்தான் என்பது பல வீடுகளின் உண்மை.

மடுல்சீமைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தார். மகளுக்குக் கல்யாணம். பெயரைத் தாளில் எழுதி மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்திருந்தார். “சான்றிதழ்ல ஒரு எழுத்து தப்புங்க. அத மாத்த முடியல. இதுல சரியா வரணும், அழகாவும் வரணும்” என்றார். சரியும் அழகும் அவருக்கு ஒரே மூச்சில் வந்தன. அந்தப் பெயரில் ‘ஷ’ இருந்தது. பழனியம்மாவும் மாரியாயியும் தர்ஷினிக்கும் ஷாலினிக்கும் வழிவிட்ட காலம் அது. ஈய எழுத்துப் பெட்டியில் ஷ, ஜ, ஸ கொஞ்சமாகத்தான் இருக்கும். கையெழுத்தில் அந்தக் குறை இல்லை. ‘ஷ’வை நான் வரைவது மெதுவாக: உள்வளைவு மூடிவிட்டால் சின்ன அளவில் கறுப்புப் பொட்டாகிவிடும், திறந்து வைத்தால் பிள்ளையின் பெயர் தெளிவாகத் தெரியும்.

1983 ஜூலையில் பதுளை பஜாரில் தமிழர் கடைகள் எரிந்தன. பெயர்ப்பலகைகளும் சேர்ந்து எரிந்தன. பிறகு கடைகளைத் திரும்பக் கட்டியவர்களில் சிலர் தமிழைச் சின்னதாகப் போடச் சொன்னார்கள். மாஸ்டர் மறுக்கவில்லை. அளவு சின்னதானாலும் அந்த வரிக்குச் சிங்கள, ஆங்கில வரிகள் இரண்டையும்விட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். மிக மெல்லிய அணில்முடித் தூரிகையால், புள்ளியைக்கூட இரண்டு தடவை தொட்டு முடிப்பார். சின்ன எழுத்தை அழகாக்கும் வித்தையை நான் அந்த வருடங்களில் பார்த்துப் படித்தேன்.

கணினி வந்தபோது எங்கள் பக்கம் எல்லா அச்சகத்திலும் ‘பாமினி’ எழுத்துரு குடியேறியது. வேகமான சாமான். ஆனால் அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த எழுத்துரு. ‘அம்மா’ என்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் கிடக்கும்; அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அந்த ஆங்கில எழுத்துகளே திரையில் நிற்கும். மொத்தம் 256 இடம், அதிலும் எல்லாம் பயன்படாது. ஓர் எழுத்துக்கு ஒரு வடிவம் வைக்கவே நெரிசல் என்றால் அலங்கார வடிவத்துக்கு எங்கே போவது? அலங்காரம் கேட்டால் அச்சகப் பிள்ளைகள் இருக்கும் எழுத்தைச் சரித்து, நிழல் போட்டு, பொன்னிறம் பூசிவிடுவார்கள். மணமக்களின் ஆங்கிலப் பெயர் மட்டும் ‘மொனோடைப் கோர்சிவா’வில் ஒயிலாக நிற்கும். ஒரே கார்டில் ஆங்கிலம் பட்டுடுத்தியும் தமிழ் வேலைக்கு உடுத்திய உடையோடும் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. நம்மிடம் கை இருக்கிறது, எழுத்து இருக்கிறது, எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல் போனது என்பதே என் ஆதங்கம்.

யூனிகோடு குறியாக்கமும் ஓப்பன்டைப் எழுத்துரு முறையும் பரவிய பிறகு அலங்காரத்துக்குக் கதவு திறந்தது. ஓர் எழுத்துக்கு எத்தனை மாற்று வடிவம் வேண்டுமானாலும் உள்ளே வைக்கலாம். சொல்லின் முதலில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என்று எழுத்துருவே பார்த்து மாற்றும். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் ‘கவிவாணர்’ என்று ஓர் எழுத்துரு செய்து கூகுள் வழியாக இலவசமாகக் கிடைக்கச் செய்தார். சரிந்த கையெழுத்துச் சாயல். நம் நாட்டுத் தமிழ்க் கை ஒன்று உலகம் முழுதும் பயன்படும் எழுத்தானதைக் கண்டபோது அன்று முழுவதும் வேலை ஓடவில்லை. கார்டின் உள்வரிகளுக்கு அதைப் பலமுறை எடுத்தாண்டிருக்கிறேன். தலைப்புக்கு இன்னும் கொஞ்சம் தடிப்பு மெலிவும் நீண்ட வாலும் வேண்டியிருந்தது. அதற்குத்தான் என் பழைய பிளாக்குகளின் அச்சுப்பிரதிகளை ஸ்கேன் செய்து, மருமகப் பிள்ளையின் உதவியோடு ஓர் அலங்கார எழுத்துருவை வரைந்து வருகிறேன்.

247 எழுத்து என்று எண்ணிப் பயப்பட வேண்டியதில்லை. கால், கொம்பு, விலங்கு தனித்தனியாக வரைந்தால் பெரும்பகுதி சேர்ந்துவிடும். உகர ஊகார வரிசைகள்தான் தனி. 18 மெய்க்கும் இரண்டு இரண்டாக 36 வடிவம், ஒன்றின் வால் மற்றதற்குப் பெரும்பாலும் அப்படியே பொருந்தாது. ‘டி’, ‘டீ’ தனி. இவற்றுக்கு மேல் என் பட்டியலில் இருப்பவை: பழைய துதிக்கை ஐகாரம் நான்கும் மாற்று வடிவமாக, சொல்முதல் க, ச, தவுக்கு இடப்பக்க அலை, சொல்லிறுதி ம், ன், ர், ள், ழ் ஐந்துக்கும் நீண்ட முடிப்பு, ஏனென்றால் நம் பெயர்களில் கணிசமானவை இவற்றில்தான் முடிகின்றன. எ, ஒ இரண்டுக்கும் அலங்கார வடிவமே வைக்கவில்லை. அவை அடக்கமாகவே நிற்கட்டும். பெயருக்குள் அலங்காரம் தானாக விழாதபடியும் வைத்திருக்கிறேன்; தலைப்புச் சொற்களில் அது தானாக வரும், ஆள் பெயரில் ஒவ்வொன்றாகப் பார்த்து நாமே தேர்ந்தெடுக்க வேண்டும்.

2022இல் நாட்டில் கடதாசி கிடைக்காமல் பரீட்சைகளே தள்ளிப்போன நாள்களில் அழைப்பிதழ் கைபேசிக்குள் போனது. அதன்பிறகு பாதிப்பேர் திரும்பி வரவில்லை. நாட்சம்பளத்தில் வீடு நடத்துகிறவர்கள் அட்டைக்குச் செலவிடும் பணத்தை மிச்சம்பிடிப்பது நியாயமே. ஆனால் வாட்ஸ்அப்பில் படம் சுருங்கி நசுங்கிப் போகும். அட்டையில் தலைமுடிபோல் நின்ற மெல்லிய கோடு அங்கே காணாமல் போய்விடும். கோடு போனால் ‘ண’ ‘ன’வாகத் தெரியும். அதற்கென்று மெலிவைக் குறைத்து, சுழிகளின் உள்வெளியை அகலமாக்கி, வாலைக் குட்டையாக்கி இரண்டாவது வகை ஒன்று வரைய வேண்டியிருக்கிறது. அட்டைக்கு ஒரு கை, திரைக்கு ஒரு கை.

இப்போது மேசையில் கிடப்பது ஹாலிஎலயிலிருந்து வந்த வேலை. மணமகள் தோட்டத்துப் பிள்ளை, மணமகன் சிங்களக் குடும்பம். இரண்டு பெயரும் இரண்டு மொழியிலும் ஒரே அழகில் வேண்டும் என்கிறார்கள். சிங்கள எழுத்து உருண்டை. அதன் வளைவுகளுக்கு என் தமிழ்த் தலைப்பின் தடிப்பு பொருந்துகிறது, ஆனால் மூலையுள்ள ‘ப’வும் ‘ட’வும் அதன் பக்கத்தில் விறைத்து நிற்கின்றன. ‘ட’வின் மூலையை இன்னும் எவ்வளவு தளர்த்தலாம் என்று பென்சிலில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மணமகளின் பெயரில் ஒரு ணகரம் இருக்கிறது. அதன் மூன்று சுழியையும் முதலில் வரைந்து முடித்து, அச்சகத்துக்கு அனுப்பும் முன் பெண்ணின் அப்பாவை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் விரல் வைத்துப் படித்துச் சரியென்ற பிறகுதான் எழுத்தைக் கோட்டுருவமாக்கிக் கோப்பை மூடுவேன்.